ஜெர்மன் உளியா, இங்கிலாந்து உளியா: பிரானூர் பட்டறையில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

"எது நல்லது அண்ணாச்சி, ஜெர்மன் உளியா, இங்கிலாந்து உளியா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மரத்தில் அடிக்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. கருவிப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு மரத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருப்பதில்லை. எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

நான் இருப்பது செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டரில். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் வந்த பெயர் அது. எல்லை மேற்கே புளியரைக்கு நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளோடு இங்கேயே தங்கிவிட்டது. ரோட்டோரம் வரிசையாக மர அறுவை மில்கள். தேக்கு, அயினி, பலா, வேங்கை, கோங்கு என்று எது கேட்டாலும் கிடைக்கும். கதவும் நிலையும் செய்வது என் பிழைப்பு. வெளிநாட்டுக் கருவி சேர்ப்பது, வீட்டில் சொல்கிறபடி, பிழைப்பைக் கெடுக்கிற வேலை.

ஐரோப்பாவில் கருவி செய்கிறவன் ஓக், பீச், பைன் மரங்களை மனதில் வைத்துத்தான் முனையைத் தீட்டி அனுப்புகிறான். நம் தேக்கில் சிலிக்கா இருக்கிறது. பார்க்க மெதுவான மரம், ஆனால் முனையைத் தின்றுவிடும். வேங்கையிலும் அயினியிலும் இழை ஒரு பக்கமாக ஓடாது, முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும். அங்கே ஒருவர் ஓக் மரத்தில் வேலை செய்து பார்த்துவிட்டுக் கொடுக்கிற மார்க் இங்கே பாதிதான் செல்லும். மீதியை நாமே சோதித்துத்தான் போட வேண்டும். அந்தச் சோதனை எப்படி என்பதே இங்கே சொல்ல வந்தது.

முத்திரையைப் படிப்பது

'மேட் இன் ஜெர்மனி' என்பது பெருமைக்காகப் பிறந்த முத்திரை இல்லை. 1887இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிக முத்திரைச் சட்டத்தால் வந்தது. இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டின் பெயரில் மலிவான ஜெர்மன் கத்திகள் சந்தைக்கு வருகின்றன, வாங்குகிறவனை எச்சரிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அந்த எச்சரிக்கை விளம்பரமாக மாறிவிட்டது. ஷெஃபீல்டுகாரர்கள் தங்கள் கையாலேயே போட்டியாளனுக்குப் பட்டம் கட்டிய கதை.

இப்போது கடைகளில் 'ஜெர்மன் டெக்னாலஜி', 'டிசைன்டு இன் ஜெர்மனி' என்றெல்லாம் பெட்டி மேல் பார்ப்பீர்கள். அதற்கு எந்த மதிப்பும் கொடுக்க வேண்டாம். பெட்டியை விட்டுவிட்டுக் கருவியின் உடம்பில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். பழைய சாமானில் 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் அது 1990க்கு முந்தையது.

இன்னொன்று. ஐரோப்பியப் பெயர் வேறு, செய்த இடம் வேறு. பாகோ சுவீடன் பெயர். அதன் அரங்கள் போர்ச்சுகலில் செய்யப்படுகின்றன. வேரா ஜெர்மன் நிறுவனம். தொழிற்சாலை செக் நாட்டில் இருக்கிறது. இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 'ஜெர்மன்' என்பதற்காகவே கூடுதல் காசு கொடுக்கிறவர், எதற்குக் கொடுக்கிறோம் என்றாவது தெரிந்து கொடுக்கலாம். ஜெர்மன் கைக்கருவி என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் பெரும்பங்கு அடுத்தடுத்த இரண்டு ஊர்களிலிருந்து வருகிறது: நிபெக்ஸ், வேரா, ஸ்டால்வில்லே மூன்றும் வூப்பர்டால், கெடோர், ஹாசெட், இரட்டைச் செர்ரி முத்திரை போட்ட கிர்ஷென் உளி மூன்றும் ரெம்ஷைடு. கத்திக்குப் பேர்போன ஸோலிங்கனும் பக்கத்தில்தான்.

உளி

இதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம் கையில் தெரியும்.

செக் நாட்டு நாரெக்ஸ் உளியின் கடினம் ராக்வெல் என்ற கடின அளவையில் ஏறத்தாழ 59 என்று நிறுவனம் சொல்கிறது. கிர்ஷென் 61 என்கிறது. இரண்டு புள்ளிதானே என்று தோன்றும். வேலையில் அது தெரியும். கடினம் கூடினால் முனை கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் கணுவில் பட்டால் உதிரும், கல்லில் தீட்டவும் நேரம் எடுக்கும். கடினம் குறைந்தால் முனை சீக்கிரம் மடங்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். நாள் முழுக்கத் துளை போடுகிற ஆசாரி இரண்டாவதைத்தான் எடுப்பார். வார இறுதியில் பெட்டி செய்து மகிழ்கிறவர் முதலாவதைக் கொண்டாடுவார். இரண்டு பேரும் சரி.

கடையில் நிற்கும்போதே பார்க்க வேண்டியவை:

முதலில் முதுகு, அதாவது சாய்வு இல்லாத தட்டைப் பக்கம். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அதன் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பிரச்சினை இல்லை. அந்தக் குழி தீட்டும்போது நமக்கு உதவிதான். ஓரங்களிலும் நுனியிலும் கசிந்தால் முதுகு உருண்டிருக்கிறது. கண்ணாடி போலப் பளபளக்கிற உளிகளில் இது அதிகம், ஏனென்றால் பஃப் போடும்போது, அதாவது துணிச் சக்கரத்தில் மெருகேற்றும்போது, விளிம்பு கரைந்துவிடுகிறது. உருண்ட முதுகைக் கல்லில் சமப்படுத்தத் தொடங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பளபளப்புக்குக் காசு கொடுத்து, பிறகு அதைத் தேய்த்து எடுக்கக் கூலியில்லாமல் உழைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்து பக்கவாட்டு விளிம்பு. புறாவின் வால் வடிவில் பலகைகளைக் கோக்கும் புறாவால் பொருத்து வெட்டுகிறவருக்கு விளிம்பு மெலிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலைக்குள் நுழையாது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் செய்யப்படும் ஆஷ்லி ஐல்ஸ் இந்த விஷயத்தில் சுத்தம். நிலைக்கால் துளை போடுகிறவருக்கு இது தேவையே இல்லை. தடித்த விளிம்புதான் உளியைத் துளைக்குள் திரும்பாமல் பிடிக்கும்.

பிறகு பிடி. தலையில் இரும்பு வளையம் இருந்தால் கொஞ்சம் கடுமையான அடியையும் தாங்கும். வளையம் இல்லாத மரப்பிடிக்குக் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) மட்டும்தான். சுத்தியலைக் கண்ணில் காட்டாதீர்கள். நம் பக்கம் உளி என்றாலே சுத்தியலால் அடிப்பது வழக்கம், அதனால் பட்டறைப் பையன்கள் கையில் போகப்போகிற உளியாக இருந்தால் பிளாஸ்டிக் பிடி போட்டதை வாங்குவது புத்திசாலித்தனம். பார்க்க அழகில்லை என்பார்கள். இருக்கட்டும்.

அளவு. ஜெர்மன், செக், சுவிஸ் உளிகள் மில்லிமீட்டரில் வரும்: 6, 10, 12, 16, 20, 26. இங்கிலாந்து உளிகளில் இன்னும் அங்குலம் உண்டு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ., 12 அன்று. அரை அங்குலத் துளைக்கு 12 மி.மீ. உளியால் அடித்தால் ஒவ்வொரு துளையிலும் 0.7 மில்லிமீட்டர் தனியாகச் சீவ வேண்டியிருக்கும். உங்கள் அளவுக்கோல், கட்டர் எல்லாம் எதில் இருக்கிறதோ அதிலேயே உளியையும் வாங்குங்கள்.

பட்டறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான ஒப்பீடு. இரண்டு உளிகளை எடுத்து ஒரே கல்லில், ஒரே 30 டிகிரியில் தீட்டுங்கள். தொழிற்சாலையில் தீட்டி அனுப்பிய முனையை வைத்து முடிவு கட்டவே கூடாது. சாணையில் கடைசியாகத் தேய்க்கும்போது நுனி சூடேறிப் பதம் கெட்டிருக்கலாம். மூன்று நான்கு முறை தீட்டி அந்த நுனி போன பிறகுதான் உள்ளே இருக்கும் எஃகு வெளியே வரும். புது உளி இரண்டே நாளில் உதிர்ந்தது என்று தூக்கிப் போடுகிறவர்கள் பாதிப் பேர் இதைத் தெரியாமல் போடுகிறவர்கள்.

தீட்டியாயிற்றா? ஒரே வேங்கைத் துண்டில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே ஆழத்துக்கு, எண்ணி ஒரே அளவு அடி. பிறகு முனையை ஜன்னலுக்கு நேரே திருப்பிப் பாருங்கள். கூரான முனை கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கோடு தொடர்ச்சியாக இருந்தால் தேய்மானம். புள்ளி புள்ளியாக இருந்தால் உதிர்வு. நகத்தை முதுகுப் பக்கம் உரசும்போது தட்டினால் மடங்கியிருக்கிறது. உதிர்ந்தால் கோணத்தை இரண்டு மூன்று டிகிரி கூட்டி மறுபடி பாருங்கள். 30இல் உதிர்ந்த உளி 33இல் ஒழுங்காக நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓக் மரத்துக்குப் போட்ட கோணம் கோங்குக்குப் போதாது, அவ்வளவுதான். மடங்கினாலும் கோணத்தைக் கூட்டலாம், ஆனால் 35 தாண்டியும் மடங்குகிற எஃகைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

கொல்லர் லாரிப் பட்டாவில் (லாரியின் ஸ்பிரிங் தகட்டில்) அடித்துக் கொடுக்கிற நம்மூர் உளியையும் இதே வரிசையில் வைத்துச் சோதியுங்கள். நிலைக்குத் துளை போடுவதில் அது பல ஐரோப்பிய உளிகளைவிட உழைக்கும், மழுங்கினால் கொல்லரிடமே கொடுத்து மறுபடி பதம் போட்டுக்கொள்ளலாம். நுண்ணிய சீவலுக்கும் பொருத்துக்கும் மட்டும்தான் வெளிநாட்டு உளியின் விலை எனக்கு நியாயமாகப் படுகிறது. சிற்ப வேலைக்கு சுவிட்சர்லாந்து லாங்கென்டாலில் செய்யும் 'ஃபைல்' (Pfeil) என்ற பெயர் கொண்ட உளிகள் தனி ரகம். கதவில் தாமரையும் அன்னமும் கொத்துகிறவர்கள் கடன் வாங்கியாவது இரண்டு வாங்கலாம்.

இழைப்புளி

இங்கிலாந்து வகை இரும்பு இழைப்புளியும் ஜெர்மன் வகை மர இழைப்புளியும்தான் போட்டி. ஜெர்மனியின் ஈ.சி.ஈ. மர இழைப்புளிகள் பீச் உடம்பும், அடியில் ஹார்ன்பீம் என்ற கடின மரமும் வைத்து வருபவை. கையில் எடை தெரியாது, தேக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் மர உடம்பு ஈரம் குடித்து அசையும். மாசியில் சமமாக இருந்த அடிப்பாகம் ஆடியில் சமமாக இருக்காது. இந்தப் பக்கம் மர இழைப்புளி வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை அடியைச் சமன் செய்யத் தயாராக இருக்க வேண்டும். புனலூர்ப் பக்கம் இன்னும் மோசம். அங்கே மழை ஒதுங்க இடைவெளியே கிடையாது.

இரும்பு இழைப்புளிக்கு அந்தத் தொல்லை இல்லை, துருத் தொல்லை மட்டும். பழைய ஸ்டான்லி, ரெக்கார்டு வகைகளில் கத்தி இரண்டு மில்லிமீட்டர் கனம்தான், வேங்கையில் அதிரும். கனத்த கத்தி தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி கோணம். கத்தி 45 டிகிரியில் படுத்திருக்கும் சாதாரண இழைப்புளி, பின்னிய இழையைப் பிய்த்தெடுக்கும். கத்தியின் தட்டைப் பக்க நுனியில் 10 டிகிரிக்கு மெல்லியதாக ஒரு சாய்வு தீட்டிவிட்டால் வெட்டும் கோணம் 55 ஆகிவிடும். தள்ளுவது கொஞ்சம் கனக்கும், அயினியில் பிய்தல் நின்றுவிடும். அல்லது ஜெர்மன் மெருகு இழைப்புளிகளைப் பாருங்கள். அவற்றில் கத்தியே ஏறத்தாழ 50 டிகிரியில் நிற்கும். விலை ஒப்பிடும்போது இந்த ஒரு எண்ணைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வாள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. பல் நுனி கருநீலமாக இருந்தால் மின்சாரத்தில் கடினப்படுத்தியது. அரம் ஏறாது, மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். பிளைவுட்டுக்கு அது போதும். தேக்கு அறுப்பவர் அரம் போடக்கூடிய பல்லையே வாங்குங்கள். பிரானூரில் வாள் தீட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஸ்க்ரூ டிரைவரும் கீலும்

எல்லாரும் உளியைப் பற்றிப் பேசுவார்கள். தினமும் பணம் கரைவது இங்கேதான். இப்போது அலமாரிக் கதவுகளுக்கு ஆஸ்திரியாவின் புளும், ஜெர்மனியின் ஹெட்டிச், ஹாஃபெலே கீல்களைத்தான் வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். 35 மி.மீ. துளை போட்டு மாட்டுகிற அந்தக் கீல்களின் திருகுத் தலையை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறிக்கு இடையில் மெல்லிய நான்கு கோடுகள் தெரியும். அது போசிடிரைவ், 'பி.இசட்.' வகை. நம் பையன்கள் கையில் இருப்பதோ பிலிப்ஸ், 'பி.எச்.' வகை. பிலிப்ஸின் முனை கீழே போகப்போகச் சரிந்து ஒடுங்கும். போசிடிரைவின் பக்கங்கள் நேராக இறங்கும். இரண்டையும் கலந்து போட்டால் முனை வழுக்கி வெளியே வரும், திருகுத் தலை கழன்று வட்டமாகும், பிறகு அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

அதனால் வேராவா, வீஹாவா என்று ஒப்பிடுவதற்கு முன், பிட் (மாற்றிப் போடும் திருகு முனை) மேல் பி.இசட். 2 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சரியான வகையில் சுமாரான பிட், தவறான வகையில் முதல் தரப் பிட்டைவிட மேல். வகை சரியென்றால், ஒரு திருகில் பிட்டைச் செருகி, திருகைப் படுக்கவாட்டில் பிடித்துக் கையை எடுங்கள். காந்தம் இல்லாத பிட்டிலும் திருகு விழாமல் நின்றால் முனை துல்லியமாக வெட்டப்பட்டிருக்கிறது.

குறடும் ஸ்பேனரும்

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் விளிம்பு நெடுகிலும் ஒளி கசியக்கூடாது. பிடிகளை எதிரெதிராக ஆட்டினால் மூட்டில் ஆட்டம் இருக்கக்கூடாது. கடைசியாக ஒரு காகிதத்தை நுனியில் வைத்து வெட்டுங்கள். நிபெக்ஸ் சுத்தமாக வெட்டும். உள்ளூர்ச் சாமானில் நான்கில் ஒன்று வெட்டும், அந்த ஒன்றைக் கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுத் தபாரியா நிறுவனம் 1969இல் கைக்கருவி செய்யத் தொடங்கியபோது ஒரு சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடுதான் தொடங்கியது. பொதுவான ஸ்பேனர் வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படுகிறவர்கள் குறைவு.

கரண்ட் வேலைக்கு என்றால் 1000 வோல்ட், ஐ.இ.சி. 60900 என்ற பொறிப்பைத் தேடுங்கள். அந்தத் தரத்தில் கருவியை 10,000 வோல்ட்டில் சோதித்து, 1000 வோல்ட்டுக்கு அனுமதி கொடுக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நல்ல ஜெர்மன் குறடுகள் இந்த எல்லைப் பக்கம் இரண்டாம் விலைக்குக் கிடைக்கும். மெக்கானிக் வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கரண்ட் வேலைக்கு வேண்டாம். பிடியின் காப்பு உறையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த 1000 வெறும் எழுத்துதான்.

பழைய இங்கிலாந்து ஸ்பேனர்களில் ஒரு பொறி உண்டு. செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதை 1904இல் திறந்தது. ஆரியங்காவு தாண்டி வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்கள். அந்தக் காலத்து இரும்பு இன்னும் காயலான் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஸ்பேனரில் 1/2 என்று போட்டு அருகில் 'டபிள்யூ' இருந்தால் அது விட்வொர்த் அளவு. எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும், வாயின் அகலத்தை இல்லை. வாய் 0.92 அங்குலம், அதாவது 23 மி.மீட்டருக்குச் சற்று அதிகம். அரை அங்குல அகல நட்டுக்கு என்று வாங்கிப் போனால் உள்ளே இரண்டு நட்டு ஆடும்.

கிளாம்பும் வைஸும்

ஜெர்மனியின் பெஸ்ஸி கிளாம்பை இறுக்கும்போது தண்டு வளைகிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளூர்க் கிளாம்பை அதே அளவு இறுக்குங்கள். வளைவதில் தப்பில்லை. வளைந்தபோது இரண்டு தாடைகளும் இணையாக நிற்கின்றனவா என்பதே கேள்வி. இணை தப்பினால் ஒட்டுகிற பலகை நடுவில் தூக்கிக்கொள்ளும். கதவுப் பலகை ஒட்டுகிறவர் நீளமானதில் இரண்டு மட்டும் ஐரோப்பியச் சரக்கு வைத்துக்கொண்டு, மீதியை உள்ளூர் பார் கிளாம்பால் நிரப்பலாம். ஒட்டும் வேலைக்கு எண்ணிக்கைதான் முக்கியம்.

வைஸில் பழைய ஷெஃபீல்டு ரெக்கார்டு கிடைத்தால் புதியதைப் பார்க்கவே வேண்டாம். முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் வார்ப்பு முழுசு, மந்தமாக ஒலித்தால் விரிசல். அடுத்து விரைவு விடுப்பு (குவிக் ரிலீஸ்) நெம்பை அழுத்தித் தாடையை இழுத்து, ஒரு கட்டையைக் கடிக்க வைத்து இறுக்குங்கள். கடக் கடக்கென்று நழுவினால் உள்ளே திருகுதண்டைப் பிடிக்கும் அரைநட்டின் புரி தேய்ந்துவிட்டது. அதைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம், விலையில் கழித்துக் கேளுங்கள்.

மெஷின்

ஐரோப்பிய டேபிள் சாவில் பிளேடின் நடுத்துளை 30 மி.மீ.; தென்காசியில் அந்தத் துளையில் பிளேடு கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கார்பன் பிரஷ், பெல்ட், பேரிங் எண்களை எழுதிக்கொண்டுபோய்த் திருநெல்வேலியில் கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு நல்ல மெஷினும் ஒரு சீசன்தான். அதே சமயம், அறுத்த மரம் பிளேடைக் கவ்வாதபடி அதற்குப் பின்னால் நிற்கும் பிளவுக்கத்தி, நிறுத்தினால் 10 விநாடிக்குள் பிளேடு நிற்கிற பிரேக், இந்த இரண்டும் ஐரோப்பிய மெஷினில் கட்டாயம் இருக்கும். விரல் போன ஆசாரிகள் இந்த ரோட்டில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெல்ட் கிடைக்காத குறையை நான் பொறுத்துக்கொள்வேன், பிளவுக்கத்தி இல்லாத குறையை மாட்டேன்.

சாரல் காலத்துக்கு

உளியிலும் இழைப்புளியிலும் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விடுங்கள். நாளானால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும், வேலை முடிந்ததும் ஒரு துணியால் ஒரு தடவல். பங்குனிக் காற்றில் வெளிநாட்டு மரப்பிடிகள் சுருங்கி ஆடும்; பிடியைக் கழற்றி ஆளி விதை எண்ணெயில் ஊற வைத்து மறுபடி அடித்து ஏற்றினால் உட்காரும். எபாக்ஸி ஊற்றிவிடாதீர்கள், அடுத்த முறை கழற்ற முடியாது.

வாங்கும்போது செட்டாக வாங்க வேண்டாம். ஆறு உளி கொண்ட மரப்பெட்டியில் 16உம் 26உம் எண்ணெய்க் காகிதத்தோடு அப்படியே கிடக்கும். ஒரே ஒரு 12 மி.மீ. உளி வாங்கி, மேலே சொன்னபடி வேங்கையில் அடித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அதே பெயரில் 6உம் 20உம். பிடிக்காவிட்டால் அடுத்த நாட்டுக்காரன்.